பொட்டும் கையும்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒக்டோபர் குறிப்புகள்

2025 ஒக்டோபர் 6, திங்கள்

பிட்கொயின் இன்று 126,000 டொலரைத் தாண்டிப் புது உச்சம். தானே வாங்கி விற்கும் நிரல் (பொட்) ஒன்றை எழுதி, கையால் வாங்கி விற்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்புகள். இங்கே போடுவது நிஜக் காசு இல்லை. மத்திய வங்கியின் 2021 பணிப்புப்படி கடனட்டை, பற்று அட்டையால் மெய்நிகர் நாணயத்துக்குக் காசு கட்ட முடியாது. ஆகவே பைனான்ஸ் என்ற நாணயச் சந்தைத் தளத்தின் பொது விலைத் தரவு, பைத்தன் நிரல்மொழி, ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி ஒன்று, வெறும் தாள் கணக்கு (வாங்கி விற்றதாக எழுதிப் பார்ப்பது). விலைத் தரவுக்கு ஏபிஐ (நிரல் தளத்தோடு பேசும் வழி) சாவிகூடத் தேவையில்லை. ஒரு அழைப்புக்கு 1000 கேண்டில் (ஒரு நேரத்துண்டின் தொடக்க, உச்ச, அடி, முடிவு விலைகள்) வரை தரும்.

முதலில் கட்டணம். வாங்க 0.1%, விற்க 0.1%. 15 நிமிடக் கேண்டிலில் இரண்டு சராசரி விலைக் கோடுகள் (ஒன்று குறுகிய காலத்துக்கு, மற்றது நீண்ட காலத்துக்கு) வெட்டும்போதெல்லாம் வாங்கு, விற்று என்று எழுதினால், விலை ஒரே இடத்தில் ஆடும் நாளில் 6 சுற்றுக்கூட (ஒரு தரம் வாங்கி விற்பது ஒரு சுற்று) வரும். 1.2% போச்சு. மாதம் முழுக்க அப்படியே ஓடினால் போட்ட முதலில் ஏறத்தாழ 30% கட்டணத்துக்கே சரி. கையால் செய்கிறவர் நாளுக்கு 6 தரம் குந்தியிருந்து செய்யமாட்டார். அலுப்பே அவரைக் காப்பாற்றும். பொட்டுக்கு அலுப்பு இல்லை.

4 மணிநேரக் கேண்டிலுக்கு மாற்றியாச்சு. தளம் கேண்டிலை யூடிசி (உலகப் பொது நேரம்) படி எண்ணும்; யூடிசி நள்ளிரவு எங்களுக்குக் காலை 5.30. அதனால் கேண்டில் முடிவது 5.30, 9.30, 1.30 என்று. கையால் செய்தாலும் பின்னிரவு 1.30 ஒன்றுதான் தவறும்.

ஒக்டோபர் 8, புதன்

பொட்டைப் பழைய தரவில் ஓட்டினால் நல்ல இலாபம், நேரடி விலையில் ஓட்டினால் வாங்கு சைகை வந்து வந்து மறைகிறது. காரணம், ஏபிஐ தரும் கடைசி வரி இன்னும் முடியாத கேண்டில். அதன் 'முடிவு விலை' ஒவ்வொரு நொடியும் மாறும். கடைசி வரியை வெட்டிவிட்டுக் கணக்குப் போட வேண்டும். ஒரே ஒரு வரித் திருத்தம்.

ஒக்டோபர் 9, வியாழன்

சின்னத் தொகையின் பொல்லாப்பு. 25 டொலருக்கு, விலை 122,000 என்றால், 0.0002049 பிட்கொயின். தளம் ஏற்கும் அளவுப் படி 0.00001, ஆகவே 0.00020தான் வாங்கலாம். கட்டணம் பிட்கொயினிலேயே கழியும்: கையில் 0.0001998. பொட் திருப்பி 0.00020 விற்கப் போனால் 'இருப்புப் போதாது'. கீழே முழுமையாக்கினால் 0.00019 விற்று 0.0000098 அடியில் தங்கும். ஏறத்தாழ 1.20 டொலர், வாங்கியதில் கிட்டத்தட்ட 5%. அது தொலையவில்லை, ஆனால் அந்தச் சுற்றில் விற்க முடியாது. வாங்கிய அளவை நினைவில் வைத்து விற்கக்கூடாது. விற்கும் முன் இருப்பைக் கேட்டுத்தான் விற்க வேண்டும்.

ஒக்டோபர் 11, சனி

சீனப் பொருட்களுக்கு 100% வரி என்ற அமெரிக்க அறிவிப்போடு, எங்கள் நேரம் பின்னிரவு 2.30ஐ ஒட்டிச் சந்தை சரிந்தது. பிட்கொயின் 105,000க்கும் கீழே போய் மீண்டது. கடன் வாங்கிப் பந்தயம் வைத்தவர்களின் 1900 கோடி டொலருக்கு மேல் ஒரே நாளில் கலைக்கப்பட்டது. கையால் செய்கிறவருக்கு இது நித்திரை நேரம்.

பொட்டுக்கு மட்டும் நல்லதா? தாள் கணக்கு '114,900க்கு விற்றாச்சு' என்று வடிவாக எழுதியிருக்கிறது. ஸ்டொப் (விலை இங்கே விழுந்ததும் விற்கும் ஓடர் எழும்பும்) 115,000, லிமிட் (இதற்குக் குறைய விற்காது) 114,900. அந்த இடத்தை விலை தொட்டால் விற்றதாக எண்ணும்படி நிரல். இப்படிப் பாய்ந்து விழும்போது 100 டொலர் இடைவெளியில் லிமிட் ஓடர் நிறைவேறாமல் மேலேயே தொங்கி நிற்கலாம். சந்தை விலைக்கு விற்கும் ஸ்டொப் என்றால் விற்கும், ஆனால் என்ன விலைக்கு? இனி ஸ்டொப் விலையில் 1% குறைத்தே எழுதுவது: 113,850. இலாபக் கோடு அசிங்கமாகும், ஆகட்டும்.

ஒக்டோபர் 15, புதன்

பின்னேரம் இடிமழை, கரண்ட் நின்று வந்தது. பிறகு பைனான்ஸின் பொய்க்காசுச் சோதனைத்தளத்துக்குப் போன ஓடர் எல்லாம் −1021, அதாவது நேரம் பொருந்தவில்லை என்ற பிழை. பை 4இல் பற்றரியோடு ஓடும் மணிக்கூடு கிடையாது. அணைந்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். ஓடரின் நேரமுத்திரை 5 வினாடிக்கு மேல் பிந்தினால் தளம் தள்ளிவிடும். சரியான நேரம் இணையத்திலிருந்துதான் வரும்; ரவுட்டர் எழும்ப முன்னர் பொட் எழும்பியதுதான் வினை. நேரம் ஒத்திசைந்த பிறகே பொட் தொடங்கும்படி சிஸ்டம்டீயில் (கணினி எழும்பும்போது நிரல்களைத் தொடக்கிவிடும் பகுதி) மாற்றியது. சின்ன யூபிஎஸ் (கரண்ட் நின்றாலும் பற்றரியால் ஓட்டும் பெட்டி) வாங்கினால் ரவுட்டரையும் அதில் செருக வேண்டும். பையை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை.

ஒக்டோபர் 20, திங்கள், தீபாவளி

மத்தியானம் அமேசன் முகில் சேவை படுத்ததில் கொயின்பேஸ் என்ற நாணயச் சந்தைத் தளம் உட்படப் பல சேவைகள் தடுமாறின. பதில் வரவில்லை என்றால் ஓடர் போகவில்லை என்று அர்த்தம் இல்லை. பொட் திரும்ப அனுப்பினால் இரண்டு தரம் வாங்கியிருக்கும். ஒவ்வொரு ஓடருக்கும் சொந்த அடையாள எண் கொடுத்து, பதில் வராவிட்டால் அந்த எண்ணை வைத்து முதலில் விசாரிக்க வேண்டும். கை ஒருக்கால் பிழைக்கும். நிரலில் பிழை என்றால் ஒவ்வொரு சுற்றிலும் அதே பிழை.

இப்போதைய ஏற்பாடு: கேண்டில் முடிந்ததும் பொட் அளவையும் ஸ்டொப்பையும் கணக்கிட்டு டெலிகிராமுக்கு அனுப்பும். வாங்குவதா இல்லையா என்பது கையில். வாங்கினால் ஸ்டொப் ஓடரைப் பொட்டே உடனே தளத்தில் வைக்கும்; பை செத்தாலும் ஓடர் அங்கே கிடக்கும். சாவியில் பணம் எடுக்கும் அனுமதி இல்லை. 1.30 மணிச் சைகைக்கு டெலிகிராம் சத்தம் போடாது.