ஜன்னல் தெரியும் சவ்வு

மார்ச் 4

நேற்றிரவு வார்டில் ஒரு மாணவிக்கு நஞ்சுக்கொடியைப் பரிசோதிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதோடு ஒட்டி வந்திருந்த மெல்லிய படலத்தைத் தொட்டுக் காட்டி, "இதுதான் டெசிடுவா. உதிர்வது என்று அர்த்தம்" என்றேன். "யார் வைத்த பெயர்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பக்கத்தில் நின்ற மூத்த மிட்வைஃப்தான் சொன்னார்: "வில்லியம் ஹண்டர். இங்கே ஈஸ்ட் கில்பிரைடு பக்கத்துக்காரர்."

பதினோரு வருடமாகப் பிரசவம் பார்க்கிறேன். தினமும் கையில் எடுக்கிற ஒன்றுக்குப் பெயர் வைத்தவர், நான் குடியிருக்கும் கிளாஸ்கோவுக்குப் பக்கத்திலேயே பிறந்தவர் என்பது உறைத்தபோது வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போகாமல் பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறினேன். சாலையோரம் ஹண்டர் சகோதரர்களின் நினைவுச் சின்னம் இருக்கிறது. எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறேன், நின்று பார்த்தது இன்றுதான்.

மார்ச் 7

கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். வில்லியம் ஹண்டர் 1718 மே 23 அன்று லாங் கால்டர்வுட் என்ற பண்ணை வீட்டில் பிறந்திருக்கிறார், பத்துக் குழந்தைகளில் ஏழாவதாக. மத போதகர் ஆக்குவதற்காகக் கிளாஸ்கோவில் படிக்கவைத்தார்கள். மனம் அதில் ஒட்டவில்லை. ஹாமில்டனில் வில்லியம் கலன் என்ற மருத்துவரிடம் தங்கித் தொழில் கற்றார். பிறகு எடின்பரோவில் அலெக்சாண்டர் மன்றோவின் உடற்கூறு வகுப்பு, அதன்பின் லண்டன்.

1746இல் கோவென்ட் கார்டனில் சொந்தமாக வகுப்பு தொடங்கினார். அன்றைய லண்டனில் ஆசிரியர் ஓர் உடலை அறுத்துக் காட்டுவார், மாணவர்கள் தூர இருந்து எட்டிப் பார்ப்பார்கள். ஹண்டர் பாரிஸ் முறையைக் கொண்டுவந்தார்: ஒவ்வொரு மாணவனும் தன் கையாலேயே ஓர் உடலை அறுத்துப் படிக்கலாம். கையால் தொடாமல் எங்கள் தொழிலில் எதுவும் வராது என்பதை நான் அறிவேன். அந்த ஒரு மாற்றம் எவ்வளவு பெரியது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் அத்தனை உடல்களுக்கு எங்கே போவது? சட்டப்படி கிடைத்தவை சொற்பம். 1752இல் வந்த சட்டம் தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளின் உடல்களை அறுக்கத் தந்தது. அதுவும் போதவில்லை. மிச்சம் இரவில் தோண்டிய கல்லறைகளிலிருந்து வந்தது. அப்படித் தோண்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைகள்.

உடற்கூறு கற்பது இதயத்தை 'தேவையான ஓர் இரக்கமின்மைக்கு'ப் பழக்குகிறது என்று வகுப்பில் சொல்வாராம். அந்தச் சொற்களோடு இரண்டு நாளாக மல்லுக்கட்டுகிறேன்.

மார்ச் 12

விடுப்பு நாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து, கருவுற்ற கருப்பை பற்றிய அவருடைய பெரிய புத்தகத்தின் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 1774இல் பர்மிங்ஹாமில் ஜான் பாஸ்கர்வில் அச்சிட்டது, 34 படத்தகடுகள். நிறைமாதக் குழந்தை தலைகீழாக, கைகால் மடக்கி, இறங்குவதற்குத் தயாராக இருக்கிறது. இந்தக் கிடப்பை வயிற்றின் மேல் கைவைத்து எத்தனை ஆயிரம் முறை தடவிப் பார்த்திருப்பேன்! கண்ணால் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

அடுத்த நொடியே படத்தின் ஓரத்தைக் கவனித்தேன். அந்தப் பெண்ணுக்குத் தொடைகள் பாதியில் முடிந்துவிடுகின்றன, இறைச்சிக் கடையில் வெட்டிவைத்ததுபோல. முகம் கிடையாது.

முன்னுரையில் நடந்ததைச் சொல்கிறார். 1751இல் நிறைமாதம் நெருங்கிய ஒரு பெண் திடீரென இறந்தாள், அழுகுமுன் உடல் கிடைத்தது, குளிர்காலம் அறுப்பதற்குத் தோதாக இருந்தது, ரத்த நாளங்களில் மெழுகைச் செலுத்தியதும் நன்றாக அமைந்தது. முதல் பத்துப் படங்களும் அவளிடமிருந்து வந்தவைதான். அவளுடைய பெயர் எங்கும் இல்லை. பெரும்பாலான படங்களை வரைந்த யான் வான் ரிம்ஸ்டைக்கைக்கூட முன்னுரை பெயர் சொல்லிப் பாராட்டவில்லை. எனக்கு இது மன்னிக்கக்கூடியதாகத் தெரியவில்லை.

மார்ச் 15

அதிகாலை நான்கரைக்குப் பெண் குழந்தை. தாய் நலம். நஞ்சு விழுந்ததும் தட்டில் விரித்துப் பார்த்தேன். தாயின் பக்கம் ஈரல் நிறத்தில் மடல் மடலாக இருக்கும், ஒரு மடல் குறைந்தாலும் உள்ளே தங்கிவிட்டது என்று பொருள். திருப்பினால் குழந்தையின் பக்கம், சாம்பல் நீலத்தில் வழவழவென்று, கொடியின் அடியிலிருந்து ரத்தக்குழாய்கள் மரக்கிளைபோல் பரவியிருக்கும்.

ஒரே உறுப்புக்கு இரண்டு பக்கம், இரண்டு ரத்தம். தாயின் ரத்தம் குழந்தைக்குள் நேராக ஓடுவதில்லை என்பதை நாங்கள் பாடத்தில் முதல் வருடமே படித்துவிடுகிறோம். அதை மெழுகால் காட்டியவர்கள் வில்லியமும் அவர் தம்பி ஜானும். கருப்பைத் தமனிகளில் நிறமேற்றிய மெழுகைச் செலுத்தினால் தாயின் பக்கம் மட்டும் நிரம்பியது, கொடி வழியாகச் செலுத்தினால் குழந்தையின் குழாய்கள் மட்டும். பிறகு 1780இல், அது யாருடைய கண்டுபிடிப்பு என்று ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் சங்கத்தில் அண்ணன் தம்பி இருவரும் மோதிக்கொண்டார்கள். பத்து வயது இளைய ஜானை 1748இல் லண்டனுக்கு அழைத்துத் தன் அறுப்பு அறையில் வேலை கொடுத்தவரே வில்லியம்தான்.

மார்ச் 21

இன்று கிடைத்ததை எழுதாமல் தூங்க முடியாது.

அன்றைய இங்கிலாந்தில் 1624ஆம் வருடச் சட்டம் ஒன்று அமலில் இருந்தது. மணமாகாத பெண் இறந்த குழந்தையை மறைத்தால், அது செத்தே பிறந்தது என்று அவளால் நிரூபிக்க முடியாதபோது, அவள் கொலைகாரி. குழந்தையின் நுரையீரல் தண்ணீரில் மிதந்தால் உயிரோடு பிறந்ததற்கு அதுவே சாட்சி என்றும் சொல்லிவந்தார்கள். இதை எதிர்த்து ஹண்டர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் இறந்த பிறகு, 1783 ஜூலையில், ஒரு மருத்துவச் சங்கத்தில் அது வாசிக்கப்பட்டது. வாய் வெளியே வந்ததும் குழந்தை மூச்சிழுக்கும், உடல் முழுதும் வெளிவருமுன் இறந்தும் போகலாம், தனியே வலியில் கிடக்கும் பெண் மயங்கியும் போகலாம் என்கிறார். அவமானத்துக்கு அஞ்சி மறைத்தவளைக் கொலைகாரி என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள் என்று வாதாடுகிறார்.

குழந்தையைப் பிடித்து இழுக்கும் தன் இடுக்கி துருப்பிடித்துக் கிடப்பதைக் காட்டி, இதைப் பயன்படுத்துவதே இல்லை என்று மாணவர்களிடம் சொன்ன மனிதர். ராணி சார்லட்டின் முதல் பிரசவத்தின்போது பக்கத்து அறையில் காத்திருந்தவர், பிரசவம் பார்த்தது ஒரு மருத்துவச்சி. பொறுமையாக இருக்கத் தெரிந்திருக்கிறது. மேசைமேல் கிடந்த பெண்ணுக்குப் பெயர் தராதவரும் இவர்தான். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன், ஒன்றால் மற்றொன்றைக் கழுவ எனக்கு மனமில்லை.

மார்ச் 30

இன்று அவர் இறந்த நாள், 1783. பத்து நாள் முன்பு, படுத்திருக்கச் சொல்லியும் கேட்காமல் எழுந்துபோய்ப் பாடம் எடுத்து, முடிவில் மயங்கி விழுந்திருக்கிறார். சேகரித்த புத்தகங்கள், நாணயங்கள், உடற்கூறு மாதிரிகள் எல்லாம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு, கூடவே கட்டடத்துக்கு 8,000 பவுண்டு. 1807இல் அருங்காட்சியகம் திறந்தது. பிறந்த பண்ணையைத் தம்பிக்குத் தராமல் சகோதரி மகன் மேத்யூ பெய்லிக்கு எழுதினார். பெய்லி அதை ஜானிடமே கொடுத்துவிட்டார்.

மாலையில் அந்தப் படங்களை மறுபடி பார்த்தேன். ஆரம்பக் கருவைக் காட்டும் ஒன்றில், பளபளக்கும் சவ்வின் மேல் மிகச் சிறிய வெளிச்சக் கட்டம். பெரிதாக்கினேன். அது ஜன்னல். அறையின் ஜன்னல் ஈரச் சவ்வில் பட்டுத் தெரிந்ததை, விட்டுவிடாமல் ஓவியர் வரைந்திருக்கிறார். அந்தக் கரு எந்தப் பெண்ணுடையதோ, அவள் மேசையில் கிடந்தபோது வெளியே பகல் வெளிச்சம் இருந்திருக்கிறது.

இரவு எட்டுக்குப் பணி. கிளம்புகிறேன்.