பெரியப்பாவின் டேங்கில் ஒரு துளை

பெரியப்பாவின் அம்பாசடர் காரின் பெட்ரோல் டேங்க் அடியில், தேங்கும் தண்ணீரை வடிக்கத் திருகிக் கழற்றும் மூடியான டிரைன் பிளக் வைத்தாலும் வைத்தோம், வீட்டில் நிம்மதி போயிற்று. இரண்டு மாநிலத்து ஆட்கள் கூடி முல்லைப் பெரியாறு அளவுக்கு வாதாடி முடித்த காரியம் அது.

கம்பெனி கொடுத்த டேங்க் 54 லிட்டர் பிடிக்கும். கேரள எல்லையிலுள்ள புளியரையைத் தாண்டினால் பெட்ரோல் விலை ஏறிவிடுகிறது என்பதால், குருவாயூருக்குப் போய்த் திரும்பும் 600 கிலோமீட்டரிலும் கேரளத்தில் ஒரு சொட்டுக்கூட வாங்கக் கூடாது என்னும் வைராக்கியத்தில், பட்டறையில் தகடு வளைத்து 80 லிட்டர் டேங்க் செய்து மாட்டியவர் பெரியப்பா. அந்தச் செலவு திரும்ப வேண்டுமானால் குருவாயூரப்பனே சலித்துப் போகும் அளவுக்குத் தரிசனம் செய்ய வேண்டியிருக்கும் என்பது பெரியம்மாவின் கணக்கு. 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த எங்கள் செங்கோட்டை அங்கேயே இருந்திருந்தால் மலிவுப் பெட்ரோலும் இல்லை, இந்த டேங்கும் இல்லை என்று, மொழிவழி மாநிலப் பிரிவினையின் மீதே அவருக்கு ஒரு வருத்தம் உண்டு.

தகட்டை வளைத்த புண்ணியவான் அடிப்பாகத்தைத் திண்ணை போலச் சமமாக விட்டுவிட்டார். உறிஞ்சு குழாயின் வாய் அதிலிருந்து அரை அங்குலம் மேலே நிற்கிறது. அந்த அகல நீளத்துக்கு அரை அங்குலம் என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் உள்ளே சேர்வதெல்லாம் அந்த அரை அங்குலத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். பகல் வெயிலில் டேங்க் மூச்சை வெளியே விட்டு, இரவில் ஆரியங்காவுக் கணவாய்ச் சாரல் காற்றை உள்ளே இழுப்பதால், மழை ஒரு துளிகூட நுழையாமலேயே தண்ணீர் சேரும். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் வேறு. அது ஈரத்தைக் கொஞ்சம் வரை தன்னுள் வைத்துக்கொண்டு, அளவு மீறியதும் தண்ணீரோடு கைகோத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். சமதரையில் ஒன்றும் தெரியாது. புளியரை எஸ் வளைவில் வண்டி மூக்கைத் தூக்கும்போதுதான் அடியில் கிடப்பது அலைந்து குழாய்க்குள் ஏறும்; வண்டி இருமும், விக்கும், நடுச்சாலையில் நின்றுவிடும். பின்னால் வரும் லாரிக்காரர்கள் இரண்டு மொழிகளிலும் பேசுவார்கள்.

ஆகவே டேங்கைக் கழற்றி, எல்லைக்கு அப்பால் கேரளத்து ஆரியங்காவிலிருந்து மேஸ்திரியை வரவழைத்தோம். பெரியப்பா பித்தளைக் குழாய் ஒன்றையே வாங்கி வைத்திருந்தார். சாலையில் தெறிக்கும் ஒரு கல் பட்டுக் கைப்பிடி திரும்பினால் மொத்தப் பெட்ரோலும் வழியெங்கும் போய்விடும் என்று மேஸ்திரி அதைத் தொடவே மறுத்து, செம்பு வாசர் வைத்த பிளக்குதான் என்று முடித்துவிட்டார். பிளக் ஏறும் மரையிட்ட இரும்புத் துண்டை லேத்தில் கடைந்து, அதன் விளிம்பு உள்ளே துருத்தாமல் வெளிப்பக்கமாக வைத்துப் பற்றவைத்தார். உள்ளே விளிம்பு நின்றால் அதுவே அணைகட்டித் தண்ணீரை நிறுத்திவிடுமாம். துளையைச் சுற்றித் தகட்டைத் தட்டிக் குழியாக்கியதில் பிளக்கின் தலையும் வேகத்தடைக்கு எட்டாதபடி ஒளிந்துகொண்டது.

அதற்கு முந்தைய கூத்தைச் சொல்ல வேண்டும். வடித்துக் காயவைத்த டேங்க்தானே, நெருப்பைக் காட்டினால் என்ன என்று பெரியப்பா கேட்டதும், மேஸ்திரி பீடியைத் தூர எறிந்துவிட்டு, “அண்ணாச்சி, நிறைஞ்ச டேங்கைவிட ஒழிஞ்ச டேங்கைத்தான் பேடிக்கணும், பயப்படணும்” என்றார். உண்மைதான், காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருந்தால் ஒரு பொறி போதும், காலி டேங்கில் அந்தக் கலவை தானாகவே அமைந்துவிடுகிறது. சோப்புத்தூளும் வெந்நீரும் விட்டுப் பலமுறை அலசி, கைத் துளைப்பானால் துளையிட்டு, டேங்கைக் கவிழ்த்து வாயைச் சைக்கிள் டியூபால் அடைத்து, துளைக்கு ஒரு விரற்கடை கீழே வரை தண்ணீரை நிரப்பிய பிறகே அவர் கேஸ் வெல்டிங்கை எடுத்தார். தண்ணீரை வெளியேற்றுவதற்காக வைத்த பிளக் முதன்முதலில் வெளியேற்றியது, அதை வைப்பதற்காக நாங்களே ஊற்றிய தண்ணீரைத்தான். சாரல் காலத்தில் வெயில் ஏது? டேங்க் கூடத்தில் மின்விசிறிக்கு எதிரே கிடந்து காய்ந்தது. வெல்டிங் முடிந்தும் போகாத பெட்ரோல் வாசத்தில் பெரியம்மா தாளித்த சாம்பாரின் மணம் எவருக்கும் தெரியவில்லை.

வேலை சுத்தம். சிறு விமானங்களில் பறப்பதற்கு முன் டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு என மேஸ்திரி சொல்லப்போக, பெரியப்பா அன்றுமுதல் தாமே விமானியாகிவிட்டார். காலையில் ஸ்பானரும் கண்ணாடிப் புட்டியுமாக வண்டிக்கு அடியில் படுத்து, வருவோர் போவோருக்கெல்லாம் மேலே பெட்ரோலும் கீழே கலங்கல் அடுக்குமாகத் தூக்கிக் காட்டினார். இந்தப் பிரசங்கத்தை மிகுந்த கவனத்தோடு கேட்டவர் அவருடைய மருமகன். மாமனார் உறங்கும் மதிய வேளைகளில் மருமகனும் தண்ணீர் இருக்கிறதா என்று சோதித்திருக்கிறார். சோதித்ததை வீணாக்காமல் தம் ஸ்கூட்டரில் ஊற்றியிருக்கிறார். எதிர்வீட்டு வாத்தியாரின் மொபெட்டும் இந்த ஆராய்ச்சியில் பங்கெடுத்ததாக இப்போது தெரியவருகிறது.

போன வெள்ளிக்கிழமை குருவாயூர் போனோம். எஸ் வளைவில் வண்டி இருமவே இல்லை. திரும்பும்போது புனலூருக்குள் நுழைந்ததும் பெட்ரோல் சுத்தமாகத் தீர்ந்து நின்றது. கேரள பங்க்கில், கேரள விலையில் 10 லிட்டர் வாங்கியபோது மீட்டர் ஓடுவதைப் பெரியப்பா பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை. வீடு வரும்வரை அவர் பேசவில்லை. பெரியம்மா சிரிப்பை அடக்கியபடி வெளியே மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எடுத்ததெல்லாம் தண்ணீர்தான் என்று மருமகன் சாதிக்கிறார். ஸ்பானர் இப்போது பூஜையறையில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. பிளக்குக்குப் பூட்டுப் போட முடியுமா என்று கேட்டுவர நாளைக்கு ஆரியங்காவுக்கு என்னைத்தான் அனுப்புகிறார்கள், அதுவும் என் பெட்ரோலில்.