முழங்கால் தைலமும் என் முன்மண்டையும்

கோயம்புத்தூரில் மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிடும். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடுவது அதன் குணம். மார்கழி விடியலில் இங்கே 20 டிகிரிக்கும் கீழே இறங்குவது வழக்கம். ஆகவே, சனிக்கிழமை காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க வேண்டும் என்று இடுப்பில் துண்டோடு நிற்கும் மனிதன், பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, அதன் அடிப்பகுதியைத் தட்டித் தட்டி, கடைசியில் அடுப்பங்கரைக்குப் போய் வெந்நீர்ப் பாத்திரத்தில் அதை நிறுத்திவைத்துக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் பொறுமை எனக்கு அன்று இல்லை. சொல்லப்போகும் கதைக்கு மூல காரணம் அதுதான்.

குளியலறை மாடத்தில் என் அம்மாவின் முழங்கால் வலிக்கு வாங்கிய கொட்டஞ்சுக்காதி தைலம் இருந்தது. 200 மில்லி பாட்டில், பாதிக்கு மேல் மிச்சம். அது மட்டும் எந்தக் குளிரிலும் உறையாமல் கலகலவென்று ஆடிக்கொண்டிருந்தது. எடுத்து லேபிளைப் பார்த்தேன். முழுவதும் படித்தேன் என்று சொன்னால் அது பொய். கடைசி வரியில் இருந்த 'நல்லெண்ணெய்' என்ற ஒரே சொல்லைத்தான் படித்தேன். பிறந்த நாள் முதலாக என் தலை பார்த்திராத நல்லெண்ணெயா என்ற தெம்பில், மீதி வரிகளை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

இப்படி மாற்று எண்ணெய் தேடிப்போவது எனக்குப் புதிதும் அல்ல. முந்தைய ஆண்டு, தங்கை தன் குழந்தைக்கு வாங்கி எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போன பேபி ஆயிலை ஒரு மாதம் தலையில் தடவிப் பார்த்தேன். பெட்ரோலியத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்த மினரல் ஆயிலோடு வாசனை சேர்த்ததுதான் அது. தேங்காயெண்ணெயைப்போல முடித்தண்டின் உள்ளே இறங்காமல் மேலோடு மினுங்கிக்கொண்டு நிற்கும். முடி வளரவில்லை, கொட்டுவதும் நிற்கவில்லை. அந்த ஒரு மாதமும் பிறந்து நாற்பது நாள் ஆன குழந்தையின் வாசம் மட்டும் என்னைச் சுற்றி வீசியது. நாற்பத்தாறு வயதில் அந்த வாசத்தோடு அலுவலகக் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பது அவ்வளவு கௌரவமாக இருக்கவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

தைலத்தின் விஷயத்துக்கு வருகிறேன். உள்ளங்கை நிறைய ஊற்றி, முன்மண்டையில் தொடங்கிப் பிடரி வரைக்கும் அழுத்தித் தேய்த்தேன். ஐந்தே நிமிடத்தில் மண்டை கதகதவென்று சூடேறியது. இத்தனை ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த மயிர்க்கால்கள் எல்லாம் ஒன்றையொன்று தட்டி எழுப்பிக்கொள்கின்றன என்று நான் மகிழ்ந்துபோனேன். அந்த மகிழ்ச்சியில் இன்னொரு கை ஊற்றி, ஒன்றரை மணி நேரம் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்த வழியாகத் துணி காயப்போட வந்த என் மனைவி, இரண்டு முறை மூக்கை உறிஞ்சிவிட்டு, பக்கத்து வீட்டில் யாரோ காலையிலேயே குழம்பு தாளிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

குளிக்கும்போது அரப்பைத்தான் போட்டேன். எங்கள் பக்கத்தில் உசிலை இலையைக் காயவைத்து அரைத்த அரப்பை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் போகாத எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. பிசுக்கும் போயிற்று. வாசம் போகவில்லை. பிறகு சீயக்காய் போட்டேன், அதன் பிறகு மகளின் ஷாம்பூவையும் போட்டேன். மூன்றுக்கும் பிறகு தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்த என்னை அம்மா முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி இது: "ஏங் கண்ணு, என்ற கால் தைலத்தையா மண்டைக்கு வெச்சே?"

அதன் பிறகுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளை முழுவதும் படித்தேன். கொட்டம் என்பது நம் நாட்டுமருந்துக் கடைகளில் கோஷ்டம் என்று கிடைக்கும் வேர். அதோடு சுக்கு, வசம்பு, முருங்கை, பூண்டு, கடுகு, தேவதாரு. இவற்றைப் புளிச்சாற்றிலும் தயிரிலும் நல்லெண்ணெயிலும் சேர்த்துக் காய்ச்சி இறக்குகிறார்கள். வாசகர்கள் அந்தப் பட்டியலை இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன். பூண்டு, கடுகு, முருங்கை, புளி, நல்லெண்ணெய். உப்பும் இரண்டு வெங்காயமும் சேர்த்தால் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிடலாம். கேரள வைத்தியர்கள் மூட்டுவலிக்கும் வீக்கத்துக்கும் காலங்காலமாகப் பயன்படுத்திவரும் மதிப்புக்குரிய மருந்து அது. அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதை இடம் மாற்றிக் குடியேற்றியவன் நான்தான். "வீக்கம் வத்தறதுக்கான தைலமுங்களா? அப்ப தலைக்கனமும் கொஞ்சம் வத்தும், இருக்கட்டும்" என்று என் மனைவி மட்டும் அதில் ஒரு நன்மையைக் கண்டுபிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு போயிற்று. திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு சக்கர வண்டியில் ஒன்பது கிலோமீட்டர். ஹெல்மெட் போடாமல் போக முடியாது. மார்கழிக் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். அந்த மூடிய உருண்டைக்குள் என் மண்டையும் பூண்டும் வசம்புமாக ஒன்பது கிலோமீட்டர் பயணம் செய்ததில், வாசம் ஹெல்மெட்டின் உட்பஞ்சுக்குள் நிரந்தரமாகக் குடிபுகுந்துவிட்டது. பத்தரை மணி அளவில், எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பி, வங்கி வரைக்கும் அவசரமாகப் போய்வர என் ஹெல்மெட்டை இரவல் வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தவன் அதை மேசைமேல் மரியாதையாக வைத்துவிட்டு, சற்றுத் தயங்கி, "சார், இதைப் போட்டதுல இருந்து பசி எடுத்துக்கிட்டே இருக்குதுங்க" என்றான். மதியம் சாப்பாட்டு நேரத்தில் நான்கு பேர் என் டிபன் பாக்ஸைச் சுற்றி நின்றார்கள். திறந்தேன், உள்ளே இருந்தது தயிர்ச்சோறு. அவர்கள் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அன்று மாலையே ஆயுர்வேத மருந்துக்கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பாலக்காட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவர் சிரிக்காமல் இருப்பதற்கு எடுத்துக்கொண்ட முயற்சியை நான் மதிக்கிறேன். அவர் பொறுமையாக விளக்கினார். தலைக்கு என்று தேங்காயெண்ணெயில் காய்ச்சுவதற்கு அவர்கள் ஊரில் கேரம் என்று பெயராம். உடம்புக்குத் தேய்ப்பதற்கு நல்லெண்ணெயில் காய்ச்சியது தைலம். நல்லெண்ணெயோடு ஆமணக்கெண்ணெயும் நெய்யும் சேர்த்துக் காய்ச்சினால் அதற்குக் குழம்பு என்று பெயர். அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருக்கிற மயிருக்கு அதுவே பெரிய உழைப்பு. குழம்பு வாசத்தோடு ஒரு நாள் முழுவதும் திரிந்தவனிடம், அலமாரி நிறையக் குழம்புப் பாட்டில்களைக் காட்டிக்கொண்டே ஒரு மனிதர் எப்படித்தான் அவ்வளவு சாந்தமாகப் பேசினாரோ!

கடைசியாக நீலிபிருங்காதி கேரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய் ஆகியவற்றோடு பசும்பால், எருமைப்பால், ஆட்டுப்பால், தேங்காய்ப்பால் என்று நால்வகைப் பாலும் சேர்ந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது எல்லோருக்கும் இயல்புதான், அதற்குப் பயந்து கண்டதையும் தடவ வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். நானும் தெளிந்த மனத்தோடு வீட்டுக்கு வந்து, இந்த முறை லேபிளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, பாட்டிலைக் குளியலறை மாடத்தில் வைத்தேன். அம்மாவின் தைலத்தை நான் காலி செய்துவிட்டேன் என்பதும், அவருக்கு வேறு ஒன்று வாங்கிவர வேண்டும் என்பதும் மட்டும் எனக்கு நினைவு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை எண்ணெய் வைக்கப் போனபோது கேரத்தில் கால்வாசி குறைந்திருந்தது. மீதி இருந்தது, தேங்காயெண்ணெய் ஆயிற்றே, கல்லாக உறைந்து கிடந்தது. நடுவில் மட்டும் கரண்டிக் காம்பால் தோண்டிய பள்ளம் தெரிந்தது. விசாரித்ததில், தனக்காகத்தான் நான் புதிய களிம்பு வாங்கிவந்திருக்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டு, தினமும் இரவில் இரண்டு முழங்காலுக்கும் அதைத் தோண்டித் தேய்த்துவந்திருப்பது தெரிந்தது. வலி எப்படி இருக்கிறது என்று குற்ற உணர்வோடு கேட்டேன்.

"வலி அப்படியேதான் இருக்குது கண்ணு. ஆனா பழசுக்கு இது எவ்வளவோ தேவலை, கால் நல்லா வாசமா இருக்குது" என்றார் அம்மா.

"இன்னும் ரெண்டு மாசம் விடாமத் தேய்ங்க அத்தை, முட்டிக்கு ரெட்டைச் சடையே பின்னி விட்டுடறேன்" என்றார் என் மனைவி.