ஸ்டீல் டிசைன் சார்

சார் காலமாகிவிட்டார் என்று நம் செட் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது இங்கே ஹூஸ்டனில் நள்ளிரவு. அப்புறம் தூக்கம் பிடிக்கவில்லை. கிண்டியில் படித்ததில் இன்றுவரை எனக்குச் சோறு போடுவது அவர் நடத்திய ஒரு பாடம்: ஆக்சியல் லோடும் (நீளவாக்கில் அழுத்தும் சுமை) பெண்டிங் மொமென்ட்டும் (வளைக்கும் திருப்புவிசை) சேர்ந்து தாக்கும் தூண்.

ஸ்டீல் கட்டுமானத்துக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 800-இன் 1984 பதிப்பு புதிதாக வந்திருந்த நேரம். சமன்பாட்டை எழுதுவதற்கு முன் சார் நீளமான ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி, உள்ளங்கையால் மேலிருந்து அழுத்தினார். முதல் பெஞ்சுப் பையனைக் கூப்பிட்டு, "நடுவுல விரலால லேசா தள்ளுப்பா" என்றார். அழுத்தாதபோது கொஞ்சமே வளைந்த ஸ்கேல், இப்போது அதே தள்ளலுக்கு வில்லாக வளைந்தது. பக்கவாட்டு விசை தூணை வளைக்கிறது. விலகிய அளவுக்கு மேல்சுமையே புது மொமென்ட் தருகிறது. அது மேலும் வளைக்கிறது. ஆய்லர் சுமையில், அதாவது நேரான தூண் மேல்சுமையாலேயே வளைந்து நொடிக்கும் சுமையில், பாதி வந்தாலே வளைவு ஏறக்குறைய இரட்டிப்பு, முக்கால் பங்கு வந்தால் நாலு மடங்கு. அழுத்தம், வளைவு இரண்டுக்கும் தனித்தனியாக, உண்டாகும் தகைவை (ஸ்ட்ரெஸ்) அனுமதித்த தகைவால் வகுத்து வரும் விகிதங்களை அப்படியே கூட்டி ஒன்றைத் தாண்டாமல் பார்த்தால் போதாது என்பது அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது. அழுத்த விகிதம் 0.15-க்குக் கீழே இருந்தால் மட்டுமே அந்தப் பதிப்பு அப்படிக் கூட்டவிட்டது.

கிரேன் ஷெட் தூண்தான் சாருக்குப் பிடித்த கணக்கு. கிரேனைத் தாங்கும் பிராக்கெட்டில் 20 டன், தூணின் மையத்திலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி: 8 டன்-மீட்டர் மொமென்ட். கூரைச் சுமை, காற்று எல்லாம் தனி. ஸ்டீல் டேபிளைப் (உருக்கு உறுப்புகளின் அளவுப் பட்டியல்) புரட்டி ஒரு செக்ஷன் எடுத்து, போதாமல் அடுத்ததற்குப் போய், மதியம் முழுக்க ஓடிவிடும்.

இங்கே அமெரிக்க ஸ்டீல் கட்டுமான அமைப்பான ஏ.ஐ.எஸ்.சி.யின் விதியில் அழுத்த விகிதத்துக்கு எல்லை 0.2; அதற்கு மேலே மொமென்ட் பங்கை 8/9-ஆல் பெருக்கிக் கூட்டுகிறோம். வளைவுப் பெருக்கத்தை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் விடை உறுத்தினால் பேப்பரில் போட்டுப் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் சார் கொடுத்தது.

விசா கிடைத்ததும் சொல்லப் போனேன். மனதார வாழ்த்திவிட்டு, "இங்கயும் ஷெட் நிறைய வரப்போகுதுப்பா" என்றார். வந்தன, ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வரிசை வரிசையாக. 2007-இல் ஐ.எஸ். 800 லிமிட் ஸ்டேட் முறைக்கு (அனுமதித்த தகைவுக்குப் பதிலாக, தாங்கக்கூடிய உச்ச வலிமையை வைத்துக் கணக்கிடும் முறை) மாறியது. ஊரிலேயே இருந்த நம் நண்பர்கள் அதை வைத்து எத்தனையோ தூண்களை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பதிப்பை வைத்து நம்மூர் மண்ணில் நான் ஒரு தூண்கூட டிசைன் செய்ததில்லை. ஒன்றாவது செய்திருக்கலாம் என்று இருக்கிறது.