சாராளுக்குத் தெரியுமா, சேர்?

பள்ளிக்கூட மலருக்கு 'பிக் மேட்ச்' எனும் பள்ளிகளுக்கிடையிலான கிரிக்கெட் ஆட்டம் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அதை எழுத ஆள் நிறைய உண்டு. எனக்கு மனதில் நிற்பது 1985இல் நடந்த ஒரு சமய பாடம்.

சமய பாடத்துக்கு மணி அடித்தால் வகுப்பு இரண்டாகும். சைவப் பிள்ளைகள் பக்கத்துக் கட்டடத்துக்குப் போக, நாங்கள் பதினொரு பேர் வேதாகமத்தோடு இருப்போம். அன்று ஆதியாகமம் 22. கடவுள் கேட்டபடி ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து, கழுதைக்குச் சேணம் கட்டி, மகன் ஈசாக்கை மலையில் பலியிடக் கூட்டிப்போகிறார். மூன்றாம் நாள் இடம் தெரிகிறது. நான் கையை உயர்த்தினேன்.

"சாராளுக்குத் தெரியுமா, சேர்?"

சாராள் ஈசாக்கின் தாய். பகிடிக்குக் கேட்கவில்லை. நான் ரியூசனுக்குப் போவதென்றாலே அம்மா பத்துத் தரம் விசாரிப்பார்.

"உபதேசியாரின்ர பேரன் கேக்கிற கேள்வியே இது?" என்று பாடம் முடியும்வரை முழங்காலில் விட்டார். சிமெந்துத் தரையில் குறுமணல். ஞாயிற்றுக்கிழமைக்குள் கதை கோயிலுக்கும் போய்விட்டது. அப்பா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

இடைவேளையில் பக்கத்து மேசைக்காரனிடம் சொன்னேன். சிரித்தான். "எங்கட சிறுத்தொண்ட நாயனாரும் சிவனடியாருக்குக் கறி சமைக்க மகனை வெட்டினவர். ஆனா பெண்சாதிக்குச் சொல்லிப்போட்டுத்தான் செய்தவர். மகன்ர காலைப் பிடிச்சதே தாய்தான்" என்றான். எது மோசம் என்று மணி அடிக்கும்வரை வாதாடினோம். அதைப்போல ஒரு வேதபாடம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

அடுத்த தவணை அவன் இல்லை. விடியப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆயுதம் ஏந்திய இயக்கத்துக்குப் போய்விட்டான். அந்த வருடங்களில் வீட்டில் சொல்லிவிட்டுப் போனவர்கள் குறைவு. அவன் தாய் பள்ளிக்கூட வாசலில் நின்று, வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டார். காலைப் பிரார்த்தனையில் போதகர் ஐயா, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. விசுவாசம் எங்கே கழன்றது என்று கேட்டால் அந்த ஆமெனைத்தான் காட்டுவேன். புத்தகங்கள் வாசித்ததெல்லாம் பிறகுதான்.

லண்டனில் என்னோடு வேலை செய்த ஒரு யூதர் சொல்லித்தான் தெரியும்: அவர்களின் மதகுருமாரான ரபிமார் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இதை யோசித்திருக்கிறார்கள். 23ஆம் அதிகாரம் சாராள் 127 வயதில் இறந்ததோடு தொடங்குகிறதல்லவா? மலையில் நடந்ததைக் கேள்விப்பட்டுத்தான் உயிர் போனது என்று ஒரு கதை அவர்களிடம் உண்டு. அவர்களை யாரும் முழங்காலில் விடவில்லை போலும்.

இப்போது நத்தாருக்கு மட்டும் கோயிலுக்குப் போகிறேன், கீர்த்தனை பாட. அம்மாவுக்கு 88 வயது. இரு வேளையும் வேதம் வாசிப்பவர். போன வருடம் தொலைபேசியில் அவரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சொன்னா விட்டிருப்பாவோ?" என்றார். அப்புறம், "அந்தப் பொடியன்ர தாய் போன மாசம் செத்துப்போனா. கடைசி மட்டும் கேற்றைப் பூட்டாமல்தான் படுத்தவ."