பங்குனியில் பூக்கும் நரிவெங்காயம்

நம் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவர் முடிகிற இடத்தில் உடைமரக் காடு தொடங்கும். முழுப் பரிட்சை சமயத்தில் அங்கேதான் நிழல் தேடி உட்கார்ந்து படிப்போம். பங்குனி வெயிலில் புல்லெல்லாம் கருகிக் கிடக்கும். அந்தக் கட்டாந்தரையில் பேருக்கு ஒரு இலைகூட இல்லாமல் ஒற்றைத் தண்டு இடுப்பளவு எழுந்து நிற்கும். அதுதான் நரிவெங்காயம். பிச்சியும் கனகாம்பரமும் பூக்கிற ஊரில் அதைப் பூ என்று சொன்னவர்கள் யாரும் இல்லை.

உயிரியல் சார்வாள் ஒருவர்தான், "ஏல, குனிஞ்சு பாருங்கல" என்று எங்களை அதன் முன்னால் உட்கார வைத்தார். பார்த்தோம். மங்கலான வெள்ளையில் ஆறு இதழ், ஒவ்வொன்றின் முதுகிலும் பழுப்பாக ஒரு கோடு, ஆறு மகரந்தத்தாள். எல்லாப் பூவும் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அப்புறம் மண்ணைக் கிளறி ஒரே ஒரு கிழங்கை எடுத்தார். கைப்பிடி அளவு இருந்தது. உரிக்க உரிக்க வெங்காயம் போலவே வெள்ளை வெள்ளையாக அடுக்கு, ஆனால் வழவழவென்று ஒரு சாறு. அதைத் தொட்ட கை சாயங்காலம் வரை அரித்தது.

போன மழையில் இலை சேர்த்து வைத்ததை இந்த வெங்காயம் மண்ணுக்குள் காப்பாற்றி, கோடையில் பூவாகச் செலவழிக்கிறது. மழை விழுந்த பிறகுதான் இலை. அதற்குள் காய் மூன்றாக வெடித்து, தாள் போன்ற கறுப்பு விதைகள் காற்றில் போய்விட்டிருக்கும். இலை வந்தாலும் ஆடு வாய் வைக்காது. இதயத்தைத் தாக்கும் நஞ்சு அதில் உண்டு. அளவறிந்து இருமல் மருந்தில் சேர்த்ததும் உண்டு. எங்கள் ஆச்சி கிழங்கைத் தணலில் சுட்டுக் கால் ஆணிக்கு வைத்துக் கட்டுவாள். தின்னக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள்.

சில வருஷத்துக்கு முன் ஒரு செப்டம்பரில் கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குப் போயிருந்தேன். கடலோரப் பாறை இடுக்கில் இலையே இல்லாமல் ஆளுயரத்துக்கு வெள்ளைப் பூந்தண்டுகள். இதன் மத்தியதரைக் கடல் பங்காளி. "நரிவெங்காயம்லா!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். கண் கலங்கிவிட்டது.

வருகிற பங்குனியில் ஊருக்குப் போகிறவர்கள் அந்தச் சுவர் ஓரமாக ஒரு நடை போய்ப் பாருங்கள். தண்டு தெரிந்தால் பிடுங்க வேண்டாம். ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்புங்கள்.