சுங்கை சிப்புட்டில் முதல் நாள்: இரயிலடியிலிருந்து தோட்டம் வரை

பேராக் மாநிலத்திற்குச் சுற்றுலா செல்பவர்களில் பெரும்பாலோர் ஈப்போவில் இறங்கி, குகைக் கோயில்களைப் பார்த்து, பழைய கடைத்தெருவில் வெள்ளைக் காப்பி குடித்துவிட்டு, மறுநாளே பினாங்குக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். நானும் என் தங்கையும் இம்முறை ஈப்போவைத் தாண்டி, அதற்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுங்கை சிப்புட்டில் இறங்கினோம். ஜொகூரில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அவ்வூரில் உறவினரோ நண்பரோ எவருமில்லை. வரலாற்றுப் பாடத்தில் படித்த எல்பில் தோட்டமும், அவ்வூரில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தனின் பெயரும் மட்டுமே நினைவில் இருந்தன. கையிலிருந்த பணமும் குறைவு என்பதால், வாடகைக் கார் எடுப்பதில்லை என்றும், தங்குவதும் உண்பதும் ஊர்க்காரர்களைப் போலவே இருக்கட்டும் என்றும் முன்பே முடிவு செய்திருந்தோம். ஒரு தோட்டத்துப் பட்டணத்தை முதல் நாளிலேயே ஓரளவு புரிந்துகொள்ள விரும்புகிறவர், அந்தப் பட்டணம் எந்தத் தொழிலுக்காக உண்டானதோ அந்தத் தொழிலைப் பின்தொடர்ந்து நடக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சுங்கை சிப்புட் அதற்கு மிகவும் பொருத்தமான ஊர்.

இரவுப் பேருந்தில் கோலாலம்பூர் வந்து, அங்கிருந்து காலை மின்சார இரயிலைப் பிடித்தோம். நிலையத்திலிருந்து கடைவீதிக்கு நடந்தே போய்விடலாம். ஒரு கடையின் மாடியில் இருவருக்குமாக 70 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) அறை கிடைத்தது. பதிவேட்டை நீட்டிய சீனப் பெரியவர், எங்கள் பெயர்களைப் பார்த்ததும், "ஜொகூரா? ரொம்பத் தூரம். சாப்பிட்டாச்சாம்மா?" என்று தெளிவான தமிழில் கேட்டார். இளமையில் மளிகைக் கடையில் வேலை பார்த்ததாகவும், வாடிக்கையாளர்கள் எல்லோரும் தோட்டத்துத் தமிழர்கள் என்பதால் கணக்கெழுதும்போதே மொழியும் வந்துவிட்டதாகவும் அவர் சொன்னார். பசியாறுவதற்கு அவரே ஒரு கடையைக் காட்டினார். அங்கே ரொட்டி சானாயும் தே தாரிக்கும் இருவருக்கும் சேர்த்து 10 வெள்ளியைத் தொடவில்லை.

அன்று நாங்கள் அதிக நேரம் நின்ற இடம் ஓர் இரும்புச் சாமான் கடை. வாசலில் இரப்பர்க் காலணிகளும் தலையில் மாட்டும் விளக்குகளும் தொங்கின. உள்ளே சுவரோரம், பிறைநிலாப் போல் வளைந்த அரிவாள்கள் அளவு வாரியாக மாட்டப்பட்டிருந்தன. அவை பாமாயில் தரும் செம்பனையின் குலை வெட்டும் அரிவாள்கள் என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினார். மரம் சிறிதாக இருக்கும்வரை அகன்ற உளியால் குத்தியே குலையை இறக்கிவிடலாம். மரம் உயர்ந்த பிறகு, நீளமான அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே மட்டையை வெட்டி, பின்பு குலையை வெட்ட வேண்டும். ஒரு குலை பத்து கிலோவும் இருக்கும், இருபதைத் தாண்டியும் இருக்கும். அது விழும்போது விலகி நிற்பதுதான் தொழிலின் முதல் பாடம் என்றார். அந்தக் கம்பைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். என் தங்கையால் அதை நிமிர்த்தி ஒரு நிமிடம்கூட ஆடாமல் பிடிக்க முடியவில்லை.

இரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, ஆனால் மேசையின் கீழ் இழுப்பறையில், செய்தித்தாளில் சுற்றியபடி இருந்தது. "முன்ன இதுதாம்மா சுவர் பூரா தொங்கும். இப்ப சிறுதோட்டக்காரங்க மட்டும்தான் கேட்டு வர்றாங்க" என்றார். ஐம்பது ஆண்டுக்கால மாற்றம் முழுவதும் எனக்கு அந்தச் சுவரிலும் இழுப்பறையிலுமே தெரிந்தது. பால்மரத்திற்கு நிரை நிரையாக ஆள் வேண்டும்; ஒவ்வொரு மரத்தின் அருகிலும் ஒருவர் சென்று நின்றாக வேண்டும். செம்பனையில் ஒரு மரத்திற்குப் பத்துப் பதினான்கு நாள்களுக்கு ஒருமுறை சென்றால் போதும். ஆகவே 1960-களிலிருந்து தோட்டங்கள் செம்பனைக்கு மாற மாற, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஆள்களுக்குத் தேவை குறைந்தது. குடும்பங்கள் பட்டணத்துக் குடியிருப்புகளான தாமான்களுக்கும் தொலைதூரத் தொழிற்சாலைகளுக்கும் நகர்ந்தன. இன்று குலை வெட்டுபவர்களில் பலர் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும்தான். கடைவீதியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் கடைகளைப் பார்த்தபோது அதன் காரணம் தனியாக எவரும் சொல்லாமலே விளங்கியது.

அங்கிருந்து மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளிக்குப் போனோம். விடுமுறை நாள் என்பதால் வாசலில் நின்று பார்க்க மட்டுமே முடிந்தது. எனினும் அந்த வாசலுக்கு வராமல் சுங்கை சிப்புட்டைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது என்று நினைக்கிறேன். சம்பந்தன் 1919-ஆம் ஆண்டு இவ்வூரில் இரப்பர்த் தோட்ட உரிமையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர்; அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர். அவர் முயற்சியில் எழுந்த இப்பள்ளியை 1954-இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார். மறு ஆண்டு ம.இ.கா. எனப்படும் இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தலைவரான சம்பந்தன், நாடு விடுதலை பெற்ற காலத்தில், வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் துண்டு துண்டாக்கப்பட்டதால் தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்து நின்றதைக் கண்டார். தொழிலாளர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி, அவர்களே தோட்டம் வாங்கட்டும் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. பால் வெட்டிய கைக்குப் பத்து வெள்ளி எவ்வளவு பெரிய தொகை என்பதையும், அதை நம்பிக் கொடுத்தவர்களின் துணிவையும் நினைக்கும்போது, சம்பந்தனுக்கு நிகராக அந்த முகம் தெரியாத தொழிலாளர்களையும் நாம் போற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தோட்டப்புறத்திற்கு எப்படிப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இரும்புக் கடைக்காரரே வழி செய்தார். எல்பில் பக்கம் சாமான் இறக்கப் போகும் அவருடைய லாரியில், ஓட்டுநரின் மனைவியும் உடன் வந்ததால், எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் செம்பனை. 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அதைத் தொடர்ந்து பிறப்பிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்தத் தேதி சம்பந்தனின் பிறந்த நாளும்கூட. கொல்லப்பட்டவர்களைப் பற்றியும் காட்டுக்குள்ளிருந்து போராடிய கம்யூனிஸ்டுகளைப் பற்றியும் நூல்களில் நிறைய இருக்கிறது. முள்வேலிக்குள் குடியேற்றப்பட்டு, அரிசியையும் அளந்து வாங்கி, இரு தரப்பாருக்கும் அஞ்சிக்கொண்டே மறுநாள் காலையில் வழக்கம்போல் பால் வெட்டப் போன மக்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. இதை நம்மவர்கள் எழுத வேண்டும்; நேரில் கண்டவர்கள் மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள்.

சாமான் இறக்கிய இடத்திற்கு அருகில், செம்பனைக்கு நடுவே ஒரு சிறு இரப்பர்த் தோட்டம் இருந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, பால் வடியும் மங்குகளிலிருந்து கட்டிப்பாலைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது பாலை நீராகச் சேர்த்து ஆலைக்குக் கொண்டு போகும் வேலை அங்கே இல்லை. மங்கிலேயே உறையவிட்டு, சேர்ந்த பிறகு எடைக்குப் போடுகிறார்கள். அந்த நாற்றம் மூக்கை அடைத்தது. அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. "பக்கத்துல வந்து பாரு தங்கச்சி" என்று அழைத்து, சரிவாக இறங்கும் வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை நுனியில் பிடித்து இழுத்தார். அது அறுபடாமல், கோடு முழுவதும் ஒரே நாடாவாக உரிந்து வந்தது. அடியில் பட்டை ஈரமாக, தாள் கனத்திற்கு மட்டுமே சீவப்பட்டிருந்தது. அதற்கு மேல் ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பின்பு அந்தப் பக்கம் வெட்டவே முடியாது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால்தான் விடியுமுன் வெட்ட வேண்டும் என்பதையும் அவர் விளக்கினார். மழை பெய்தால் அன்றைய கூலி போயிற்று. பால் விலையைக் கேட்டதற்கு, கையை மட்டும் விரித்துக் காட்டிவிட்டு அடுத்த மரத்திற்குப் போனார்.

திரும்பும் வழியில், ஆளில்லாத லயங்களுக்கு முன்னால் புதிதாக வண்ணம் பூசிய மாரியம்மன் கோயில் ஒன்றைப் பார்த்தோம். குடிபெயர்ந்தவர்கள் திருவிழாவுக்கு மட்டும் திரும்பி வந்து கூடுகிறார்கள் என்று ஓட்டுநரின் மனைவி சொன்னார். அவரும் அந்த லயத்தில் பிறந்தவர்தான்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டதால் கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையான ஐந்தடியிலேயே நடந்தோம். இரவு உணவையும் சேர்த்து இருவருக்கும் ஆன செலவு, அறை வாடகை உட்பட, 130 வெள்ளிக்குள் அடங்கியது. சம்பளம் போட்ட மறுநாள் வந்திருந்தால் இதே வீதியில் நடக்க இடமிருந்திருக்காது என்றார் இரும்புக் கடைக்காரர்; அந்தக் கூட்டத்தையும் பார்க்க விரும்பி அடுத்து வருகிறவர்கள் மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து வருவது நல்லது. நாளை கோலாகங்சார் போகிறோம். 1877-இல் அங்கே நடப்பட்ட முதல் இரப்பர்க் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்னும் நிற்கிறது. காலையிலேயே புறப்பட்டால் வெயிலுக்கு முன் அதைப் பார்த்துவிடலாம்.